ஆயா ராத்திரி சமைத்தது ஆயாவுக்கே தெரியாது

வாசகர் கேள்விகளுக்கு கெமிஸ்ட் ஆன்டியின் பதில்கள்

கேள்வி: அன்புள்ள ஆன்டி, தாத்தா தவறிப் பதினான்கு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து 74 வயது ஆயா தினமும் ராத்திரி சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை 10 மில்லிகிராம் போட்டுக்கொண்டுதான் படுக்கிறார். போன வாரம் காலையில் பார்த்தால் அடுப்பில் பருப்பு அடிபிடித்துக் கரியாகிக் கிடந்தது. கேட்டால், "நான் எங்கே சமைத்தேன்?" என்கிறார். மறதி நோயா? மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடலாமா? – பேத்தி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: கண்ணு, அதற்குள் மறதி நோய் என்று முடிவு கட்டிவிடாதே. இந்த மாத்திரையே இப்படிச் செய்யும். சோல்பிடெம் போட்டவர்களில் சிலர் தூக்கம் கலையாமலே எழுந்து நடப்பார்கள், சமைப்பார்கள், கார்கூட ஓட்டுவார்கள். காலையில் ஒன்றும் நினைவிருக்காது. இது அரிதுதான். ஆனால் உயிர் போன சம்பவங்களும் உண்டு. அதனால்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2019-ல் இந்த இன மாத்திரைகளுக்கு மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட வைத்தது. ஒருமுறை இப்படி நடந்துவிட்டால் அவருக்கு இனி இந்த மாத்திரை கூடாது.

ஆகவே இதைப் படித்ததும் டாக்டருக்குப் போன் போடு. கரிந்த பாத்திரத்தைப் பற்றிச் சொல். "ஆயா கொஞ்சம் மறக்கிறார்" என்று மட்டும் சொன்னால் வயசுக் கோளாறு என்று விட்டுவிடுவார்கள். நீயாகத் தூக்கிப் போட வேண்டாம். இத்தனை மாதம் தினமும் பழகிய உடம்பு. சட்டென்று நிறுத்தினால் தூக்கம் முன்னைவிட மோசமாகும். வியர்க்கும், கை நடுங்கும், சிலருக்கு வலிப்புகூட வந்திருக்கிறது. இன்று ராத்திரி போடலாமா, எப்படி விடுவது, இடையில் வேறு மருந்து வேண்டுமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதுவரை படுக்கும் முன் அடுப்பின் சுவர் சுவிட்சை அணைத்துவிடு, கார் சாவியை எடுத்து வைத்துக்கொள், ஆயா அறையிலேயே யாராவது படுங்கள்.

அளவையும் கேள். வயதானவர்களுக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு 5 மில்லிகிராம். ஆயாவுக்குப் போவது அதில் இரண்டு மடங்கு. பெண்கள் உடம்பிலிருந்து இது மெதுவாகத்தான் வெளியேறும் என்பதால், 2013-லேயே அமெரிக்காவில் எல்லாப் பெண்களுக்கும் தொடக்க அளவை 10-லிருந்து 5 ஆகக் குறைத்துவிட்டார்கள். நம் தென்னாப்பிரிக்காவில் இது ஷெட்யூல் 5 மருந்து, அதாவது டாக்டர் எழுதிய சீட்டு (ஸ்கிரிப்ட்) இல்லாமல் கிடைக்காது. ஒரு ஸ்கிரிப்ட் ஆறு மாதத்துக்கு மேல் செல்லாது. அப்படியென்றால் ஆயாவுக்குக் குறைந்தது மூன்று ஸ்கிரிப்ட் எழுதியிருப்பார்கள். சில வாரங்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டிய மாத்திரை. ஒருவராவது "இன்னும் வேண்டுமா?" என்று கேட்டிருக்க வேண்டும்.

நானும் கேட்காமல் இருந்தவள்தான். என் அம்மா இதே 10 மில்லிகிராம் போட்டுக்கொண்டிருந்தார். கவுண்டருக்குப் பின்னால் நின்று மாதாமாதம் எடுத்துக் கொடுத்தது நான். ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு பாத்ரூம் போக எழுந்தவர், கால் நிலைகொள்ளாமல் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அப்புறம் அவர் தனியாக நடக்கவே இல்லை. எழுதிய டாக்டரும் யோசிக்கவில்லை, கொடுத்த மகளும் யோசிக்கவில்லை. அது இன்றும் என்னை அறுக்கிறது.

ஆயா வேறென்ன சாப்பிடுகிறார் என்றும் பார். கோடீன் கலந்த வலி மாத்திரை, சளிக்கு ஒரு சிரப், குளிருக்கு ஒரு வாய் பிராந்தி, இதெல்லாம் நம் வீடுகளில் சாதாரணம். சோல்பிடெமோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடும். எல்லா டப்பாவையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போ.

இன்னொன்று. ஆயாவின் தூக்கம் போனது தாத்தா போனதால். இத்தனை வருஷம் பக்கத்தில் கேட்ட மூச்சுச் சத்தம் இல்லாத கட்டில் அது. சாயங்காலம் ஒரு கப் ரூய்போஸ் மூலிகைத் தேநீர் போட்டுக் கொடுத்து, தாத்தாவைப் பற்றிப் பேசச் சொல். அழுதால் அழட்டும், தடுக்காதே. தினமும் ஒரே நேரத்தில் எழுப்பு, பகலில் கட்டிலில் படுக்க விடாதே. மருந்தில்லாமல் தூக்கத்தைச் சரிசெய்யும் பயிற்சி ஒன்று இருக்கிறது, பெயர் CBT-I. தூங்காதவர்களுக்கு முதலில் அதைத்தான் கொடுக்க வேண்டும் என்று 2016-ல் அமெரிக்க மருத்துவர் கழகமும் சொன்னது. டாக்டரிடம் அதைக் கேள்.

கேள்வி: பக்கத்து வீட்டு அக்கா தன் தூக்க மாத்திரையில் பாதி தருகிறேன் என்கிறார். டாக்டர் கொடுத்ததுதானே, பயமில்லையே? – வாசகி, பீனிக்ஸ், டர்பன்

பதில்: வேண்டாம் அம்மா. மாண்ட்ரக்ஸும் ஒரு காலத்தில் டாக்டர் எழுதி கெமிஸ்ட் கொடுத்த தூக்க மாத்திரைதான். பிறகு அதே மாத்திரை 'பட்டன்' என்ற பெயரில் போதைப்பொருளாகித் தெருவுக்கு வந்தது. அதில் எத்தனை பிள்ளைகளை இழந்தோம் என்று பீனிக்ஸில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த அக்காவின் எடை வேறு, ஈரல் வேறு, அவர் சாப்பிடும் மற்ற மருந்துகள் வேறு. நீங்கள் குறட்டை விடுபவரா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று வீட்டில் கேளுங்கள். ஆம் என்றால் இந்த மாத்திரை உங்களுக்கு இன்னும் ஆபத்து. எத்தனை நாளாகத் தூக்கமில்லை என்று எழுதவில்லையே? மூன்று வாரம் தாண்டியிருந்தால் கிளினிக்குக்குப் போய் வாருங்கள்.