சேவை மன்றக் கூட்டத்துக்கு உறுப்பினர்களை வரவழைப்பது எப்படி?

கேள்வி: கோலாலம்பூரில் எங்கள் சேவை மன்றத்தில் பட்டியலில் நாற்பது பேர் இருக்கிறார்கள். கூட்டத்துக்கு வருவது பத்துப் பன்னிரண்டு பேர்தான். வந்தவர்களும் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறார்கள். வராதவர்களுக்கு அபராதம் போடலாமா? வேறு வழி உண்டா?

அபராதம் வேண்டாம். பணத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாக வீட்டில் இருந்துகொள்வார்கள், அவ்வளவுதான் நடக்கும். கட்டாய வருகையை ரோட்டரி என்ற உலகளாவிய சேவை இயக்கத்தைவிட அதிகமாக நடத்திப் பார்த்தவர்கள் இருக்க முடியாது. 1905-ல் சிகாகோவில் பால் ஹாரிஸ் தொடங்கியபோது நாலைந்து நண்பர்கள் ஒருவர் அலுவலகத்தில் மாற்றி ஒருவர் அலுவலகத்தில் கூடினார்கள். பிறகு வாரந்தோறும் கூட்டம், தொடர்ந்து நான்கு கூட்டம் வராவிட்டால் உறுப்பியமே போகலாம் என்று விதிகள் வந்தன. 2016-ல் அவர்களே அதைத் தளர்த்தினார்கள். மாதம் இரண்டு முறை கூடினால் போதும், எங்கே, எப்படி என்பதை அந்தந்த மன்றமே முடிவு செய்துகொள்ளலாம் என்றாகிவிட்டது. இத்தனை பெரிய இயக்கமே கட்டாயத்தை விட்டு இறங்கி வந்திருக்கும்போது, நாற்பது பேர் உள்ள மன்றத்துக்கு அது எதற்கு?

நான் பினாங்கில் ஒரு மன்றத்தில் பல வருடம் செயலாளராக இருந்தவன். கூட்டத்தில் தனக்கு வேலை இருக்கிறது என்று தெரிந்தால் மனிதர்கள் வருவார்கள் என்பதுதான் என் முடிவு. நம்மில் பல மன்றங்களில் அந்த வேலையைச் செயலவை முன்கூட்டியே முடித்துவிடுகிறது. தலைவரும் பொருளாளரும் தொலைபேசியில் பேசி முடிவெடுப்பார்கள், கூட்டத்தில் அதை அறிக்கையாக வாசிப்பார்கள், மற்றவர்கள் கைதட்டுவார்கள். கைதட்டுவதற்காக ஒருவர் எத்தனை மாதம் வருவார்?

எங்களிடம் ஒரு கடிதம் வந்தது. பிறை என்ற ஊரில் ஓர் அடுக்குமாடியில் இருக்கும் அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் ஒரு காலை எடுத்துவிட்டார்கள், சக்கர நாற்காலி வேண்டும் என்று மகன் எழுதியிருந்தார். வழக்கமாகச் செயலவையே வாங்கிக் கொடுத்துவிடும். அந்த முறை முடிவு செய்யாமல் கடிதத்தை அப்படியே கூட்டத்தில் வைத்தோம். தாதியாக இருந்து ஓய்வு பெற்ற அக்கா ஒருவர், "எத்தனையாவது மாடி? லிஃப்ட் ஓடுதா?" என்று கேட்டார். அங்கேயே மகனை அழைத்துக் கேட்டோம். நான்காவது மாடி, லிஃப்ட் அடிக்கடி பழுது. அப்படியானால் இரும்பு நாற்காலி உதவாது, மடித்துத் தூக்கிக்கொண்டு படியிறங்குகிற மாதிரி எடை குறைந்தது வேண்டும் என்றார் அக்கா. பின்வரிசையில் எப்போதும் பேசாமல் இருக்கும் ஓர் அண்ணன், பட்டறை வைத்திருப்பவர், "வாசல்படி எவ்வளவு உயரம்னு அளந்து சொல்லுங்க, சாய்பலகை நான் அடிச்சுத் தரேன்" என்றார். அடுத்த கூட்டத்துக்கு யாரும் அழைக்காமலே வந்து, பலகை போட்ட படத்தைக் கைப்பேசியில் ஒவ்வொருவரிடமும் காட்டினார். அதுவரை அவருக்கு நாங்கள் எத்தனையோ முறை அழைப்பு அனுப்பியிருந்தோம். எது அவரை வரவழைத்தது என்று பாருங்கள்.

அதனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் முடிவாகாத விஷயம் ஒன்றை விட்டுவையுங்கள். அழைப்பிலும் அதையே எழுதுங்கள். "மாதக் கூட்டம், அனைவரும் வருக" என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) போட்டால் கட்டைவிரல் படம்தான் பதிலாக வரும். "இரண்டு பிள்ளைகள் உதவித்தொகை கேட்டிருக்கிறார்கள், ஒருவருக்குத்தான் பணம் இருக்கிறது, என்ன செய்யலாம்?" என்று எழுதினால் வந்து பேசுவார்கள். கணக்கு, போன கூட்டக் குறிப்பு எல்லாம் முதல் நாளே புலனத்தில் போய்விடட்டும். கூட்டத்தில் சந்தேகம் இருந்தால் கேட்கட்டும், போதும்.

அப்புறம் மேடைச் சடங்கு. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை, நன்றியுரை என்று ஒன்றரை மணி நேரம் போய்விட்டால் வேலைக்கு நேரம் ஏது? பெரியவர்களுக்கு மரியாதை செய்வது நம் வழக்கம், அதை ஆண்டு விழாவில் குறைவில்லாமல் செய்யுங்கள். மாதக் கூட்டம் சொன்ன நேரத்துக்குத் தொடங்கி சொன்ன நேரத்துக்கு முடிய வேண்டும். குறிப்பாக, முடிய வேண்டும். எட்டரைக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்று நம்பினால்தான் சின்னப் பிள்ளைகள் உள்ள பெண்கள் வருவார்கள்.

இடமும் நேரமும் ஊருக்கு ஊர் மாறும். எங்களில் பாதிப்பேர் பினாங்குத் தீவில், பாதிப்பேர் கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த் பக்கம். தீவில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை முடித்து, மாலை நெரிசலில் பாலம் கடந்து வீட்டுக்குப் போனவரை ஏழு மணிக்குத் திரும்பத் தீவுக்கு வா என்றால் எப்படி வருவார்? ஒரு மாதம் தீவு, ஒரு மாதம் அக்கரை என்று மாற்றினோம். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் செய்பவர்களிடம் முதலில் அட்டவணையைக் கேட்டு வாங்கி, அதைப் பார்த்துத்தான் தேதி வைத்தோம். ஹோட்டலை விட்டுத் தமிழ்ப்பள்ளி மண்டபத்துக்குப் போனதும், ஒவ்வொரு தடவையும் சாப்பாட்டுக்கே ஐம்பது அறுபது வெள்ளி கட்ட யோசித்தவர்கள் மெல்லத் திரும்பி வந்தார்கள். கோலாலம்பூரில் என்றால் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் பாருங்கள். கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடந்தே வந்துவிடலாம், வண்டி நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம்.

வராதவரைத் தொலைபேசியில் அழைப்பது பெரிய வேலை, அதைச் செயலாளர் தலையில் கட்டாதீர்கள். அவரோடு பழகிய ஒருவர் அழைக்கட்டும். "ஏன் வரலை?" என்று தொடங்கினால் அவர் காரணம் தேடுவார். "அம்மாவுக்கு உடம்பு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டால் மனம்விட்டுப் பேசுவார், வராததற்கு உண்மையான காரணமும் அதிலேயே தெரிந்துவிடும். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் மாதமே பெயர் சொல்லி ஒரு பொறுப்பு கொடுங்கள். இரத்ததான முகாமில் பதிவு மேசையாக இருந்தாலும் சரி, தைப்பூசத்தன்று எங்கள் ஊர்த் தண்ணீர்மலை முருகன் கோவில் பாதையில் தண்ணீர்ப் பந்தலாக இருந்தாலும் சரி. அப்படிக் களத்தில் வந்து நிற்பதையும் வருகைப் பதிவேட்டில் எழுதுங்கள். கூட்டத்துக்கு வராமல் முகாமில் நாள் முழுக்க நிற்பவரை வராதவர் பட்டியலில் வைப்பது நியாயமில்லை.

இத்தனைக்குப் பிறகும் சிலர் வரமாட்டார்கள். அவர்களிடம் தலைவர் நேரில் போய்ப் பேசட்டும். சந்தா மட்டும் கொடுத்து ஆதரவாளராக இருக்கிறேன் என்றால் அப்படியே இருக்கட்டும், விலகுகிறேன் என்றால் நல்ல வார்த்தை சொல்லி அனுப்புங்கள். பட்டியல் இருபத்தைந்தாகக் குறையலாம். அந்த எண்ணை வைத்து அடுத்த ஆண்டுத் திட்டத்தைப் போடுங்கள்.