அரிக்கன் சட்டியும் தன்பாத் சீட்டும்

வணக்கம் அம்மா. உங்கள் பெண் தன்பாத் ஐஐடியில் மினரல் அண்ட் மெட்டலர்ஜிக்கல் எடுக்கிறேன், சுரங்கக் கழிவிலிருந்து குரோமைட் பிரிக்கிற வேலைக்குப் போவேன் என்கிறாள். "சேற்றை அலசவா ஜேஇஇ எழுத வைத்தோம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சேற்றை அலசுவதுதான் அம்மா. ஆனால் லேசுப்பட்ட அலசல் இல்லை.

குரோமைட்டிலிருந்துதான் உங்கள் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்துக்கான குரோமியம் வருகிறது. இந்தியாவின் குரோமைட்டில் 90 சதவீதத்துக்கும் மேல் ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்தில், சுகிந்தா பள்ளத்தாக்கில் கிடக்கிறது. தரம் குறைந்த தாதை அரைத்து, தண்ணீரில் கரைத்து, ஸ்பைரல் என்ற சுருள் ஓடையில் விடுவார்கள். அரிக்கன் சட்டியில் அரிசி அரித்திருப்பீர்களே, அதே வித்தைதான். அரிசி தண்ணீரோடு வழிந்துவிடும், கனமான கல் சட்டியின் உள்வரிகளில் தங்கிவிடும். குரோமைட்டின் அடர்த்தி தண்ணீரைப் போல 4.5 மடங்குக்கு மேல், வெறும் மணல் 2.65 மடங்குதான்.

சரி, அந்தக் கல்லே மாவாக இருந்தால்? அங்கேதான் வம்பு. மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே பொடிந்த குரோமைட், எவ்வளவு கனமானாலும் தண்ணீரோடு போய்க் கழிவுக் குட்டையில் படிந்துவிடும். அந்தக் கழிவில் 10 சதவீதத்துக்கும் மேல் குரோமியம் ஆக்சைடு இருப்பது சாதாரணம். போதாக்குறைக்கு, கூடவே வரும் கோயதைட் என்ற இரும்புத் தாதும் அடர்த்தியில் 4ஐத் தொடுகிறது. காந்தத்தை வைத்துப் பிரிக்கலாமா என்றால், இரண்டுமே லேசாக இழுபடும். அதனால் புவியீர்ப்பைப் போலப் பல மடங்கு விசையில் சுழற்றிப் பார்க்கிறார்கள், நுரையில் ஒட்டவைத்து மிதக்கவிட்டுப் பார்க்கிறார்கள். புவனேஸ்வரில் மத்திய அரசின் சிஎஸ்ஐஆர் நடத்தும் ஐஎம்எம்டி என்ற கனிம ஆய்வகம் இந்தத் துறைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம்.

வேலை விஷயத்தில் மழுப்ப மாட்டேன். ஐடி மாதிரி கும்பலாக ஆள் எடுக்கிற துறை இல்லை இது. குரோமைட் ஒன்றையே பிடித்துக்கொண்டு நிற்கவும் கூடாது. ஆனால் இரும்பு, செம்பு, நிலக்கரி எல்லாவற்றுக்கும் இந்தப் படிப்பு தேவை. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐஆர்இஎல் ஆலை கடல் மணலிலிருந்து கன தாதுக்களைப் பிரிப்பதும் இதே தொழில்தான்.

நீங்கள் வேலூர்ப் பக்கம் என்பதால் ராணிப்பேட்டைக் குரோமியக் கழிவு மனதில் ஓடியிருக்கும். நியாயமான பயம். தாதில் இருப்பது மூன்று இணைதிறன் குரோமியம், அவ்வளவு தொல்லை தராது. அதுவே ஆறு இணைதிறனாக மாறித் தண்ணீரில் கரைந்தால் விஷம், புற்றுநோய்வரை போகும். சுகிந்தாவிலும் அந்தப் பிரச்சினை உண்டு. சுரங்க நீரை ஃபெரஸ் சல்பேட் போட்டுச் சுத்திகரிக்கிறார்கள். கழிவுக் குட்டையை அறிந்த இன்ஜினியர்களுக்கு அங்கே வேலை இருக்கத்தான் செய்யும்.

பெண் பிள்ளை என்று தயங்கினீர்கள். 2019 முதல் சுரங்கத்தின் மேல்தளத்தில், எழுத்துபூர்வ சம்மதத்தோடு, பெண்கள் இரவு ஷிப்டும் பார்க்கலாம். சட்டம் விட்டுவிட்டது, ஆனால் மூன்று ஷிப்டும் ஆலைச் சத்தமும் ஒடிசா, ஜார்க்கண்ட் போஸ்டிங்கும் அவளுக்கு ஒத்துவருமா? கவுன்சிலிங்கில் சாய்ஸ் லாக் பண்ணுவதற்கு முன் இதை மட்டும் அவளிடம் கேளுங்கள். தலையாட்டினால் தன்பாத் முதலில் இருக்கட்டும். யோசித்தால், ரேங்க் இடம் கொடுக்கிறபட்சத்தில் திருச்சி என்ஐடி மெட்டலர்ஜியை மேலே போடச் சொல்லுங்கள். எம்.டெக்கில் இந்தப் பக்கம் வந்துகொள்ளலாம்.