விடுவதற்காகப் பிடிப்பதா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலையில் பீவர்கில் ஓடைக்கு நண்பரோடு போய் ஒரு நாள் முழுக்க ஃப்ளை ஃபிஷிங், அதாவது முள்ளில் செயற்கை ஈயைக் கட்டித் தூண்டில் போடுவது, செய்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ரசித்துத்தான் படித்தேன். ஆனால் பிடித்த டிரவுட் மீன்களை எல்லாம் தண்ணீரிலேயே விட்டுவிட்டோம் என்ற இடத்தில் எனக்கு மேலே படிக்க ஓடவில்லை. எங்கள் தாத்தா பவானி ஆற்றில் தூண்டில் போட்டவர். மண்புழு கோத்துப் போடுவார், கிடைத்ததைக் குழம்பு வைத்துச் சாப்பிடுவோம். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. சாப்பிடாமல் விடுவதற்கென்றே ஒரு மீனின் வாயில் முள்ளைக் குத்துவது எப்படிச் சரி? வருகிற மே மாதம் நியூ ஜெர்சியில் மகன் வீட்டுக்கு வருகிறேன். அவன் அதே ஓடைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்கிறான். போகலாமா என்று யோசனையாக இருக்கிறது.

ஒரு வாசகர், மேட்டுப்பாளையம்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் வலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மீனுக்கு வலிக்காது என்று என்னால் எழுத முடியாது. ரெயின்போ டிரவுட்டின் முகத்தில் காயத்தை உணரும் நரம்புமுனைகள் இருப்பதை லின் ஸ்னெடனும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் 2003இல் காட்டினார்கள். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் நெடுநேரம் இரை எடுக்கவில்லை, உதட்டைக் கூழாங்கற்களில் தேய்த்தன. மனித மூளையின் மேலடுக்கான நியோகார்டெக்ஸ் மீனுக்கு இல்லை, எனவே அதை நம் வலியோடு சேர்க்கக் கூடாது என்று ஜேம்ஸ் ரோஸ் போன்ற விஞ்ஞானிகள் மறுக்கிறார்கள். இந்த வாதத்தில், கையில் தூண்டில் வைத்திருப்பவன் தனக்குச் சாதகமான பக்கத்தைத் தேர்ந்துகொள்வது சரியல்ல என்று நினைக்கிறேன். வலிக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன். சுவிட்சர்லாந்தில் விடும் நோக்கத்தோடு மீன் பிடிப்பதைச் சட்டமே தடுக்கிறது. நீங்கள் கேட்டதைத்தான் அவர்களும் கேட்டிருக்கிறார்கள்.

பிறகு ஏன் போகிறேன்? அதற்கு அந்த ஓடைகளுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் கேட்ஸ்கில் மலை முழுக்கத் தோல் பதனிடும் ஆலைகள் வந்தன. பதனிட ஹெம்லாக் என்ற ஊசியிலை மரத்தின் பட்டை தேவை. மரத்தை வெட்டிப் பட்டையை மட்டும் உரித்துக்கொண்டு கட்டையைப் பெரும்பாலும் காட்டிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். நிழல் போனது, தண்ணீர் சூடேறியது, ஆலைக்கழிவு கலந்தது. குளிர்ந்த, சுத்தமான நீர் இல்லாமல் வாழ முடியாத புரூக் டிரவுட், அந்த மண்ணின் மீன், பெரிய ஓடைகளில் அருகிப்போனது. இன்று பீவர்கில்லில் அதிகம் கிடைக்கும் பிரவுன் டிரவுட் அந்த ஊர் மீனே அல்ல. 1883இல் ஜெர்மனியிலிருந்து முட்டையாக அமெரிக்காவுக்கு வந்தது. பக்கத்தில் ஓடும் நெவர்சிங்க் ஆற்றுக்கு இன்னொரு கதி. நியூயார்க் நகரக் குடிநீருக்காக 1950களில் அணை கட்டினார்கள். அமெரிக்க ஃப்ளை ஃபிஷிங்கின் முன்னோடி தியோடர் கார்டன் மீன் பிடித்த இடங்கள் அணைக்குள் போய்விட்டன.

இப்படிப்பட்ட நிலத்தில் ஓர் ஓடை குளிர்ந்த ஓடையாகவே இருக்க வேண்டுமென்று கூட்டத்துக்குக் கூட்டம் போய்ப் பேசியவர்களில் தூண்டில்காரர்கள் முக்கியமானவர்கள். நியூயார்க் நகரத்திலிருந்து இரண்டு மணி நேரப் பயணம்தான். வருகிறவர்கள் ஆளுக்கு இரண்டு மீனை எடுத்துக்கொண்டு போனால் ஒரு பருவத்திலேயே ஓடை காலி. அதனால்தான் பீவர்கில்லிலும் அதில் கலக்கும் வில்லோவீமாக்கிலும் சில பகுதிகளில் மீனை எடுக்கக் கூடாது, செயற்கை இரை மட்டும்தான் என்று சட்டம் இருக்கிறது. விடுவது கருணையால் அல்ல, ஆட்கள் அதிகம் என்பதால். உங்கள் தாத்தாவின் பவானியில் அவருக்கு இந்த நெருக்கடி இருந்திருக்காது.

இதனால் என் தூண்டிலில் மாட்டிய அந்த ஒரு மீனுக்கு என்ன நன்மை என்று கேட்டால், ஒன்றுமில்லை. ஓடைக்கு நன்மை, மீனுக்குத் துன்பம். இரண்டும் உண்மை. அந்தத் துன்பத்தை எவ்வளவு குறைக்க முடியும் என்பதில்தான் என் நண்பர் மேல் எனக்கு மரியாதை. நீங்கள் சொன்ன மண்புழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். புழுவை மீன் விழுங்கிவிடும், முள் தொண்டையிலோ குடலிலோ ஏறும். விட்டாலும் அது பிழைப்பது கடினம். செயற்கை ஈயை வாயில் வாங்கிய கணமே துப்பப் பார்க்கும், அதனால் முள் பெரும்பாலும் உதட்டோரத்தில் நிற்கும். கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ள முள்ளில் எதிர்ப்பக்கமாக ஒரு சிறு முனை இருக்குமே, நண்பர் அதைக் குறட்டால் நசுக்கிவிடுவார். மீனைத் தொடுவதற்கு முன் கையை நனைத்துக்கொள்வார், காய்ந்த கை பட்டால் அதன் மேலுள்ள வழுவழுப்பு போய்விடும். தண்ணீரை விட்டு வெளியே தூக்க மாட்டார். ஜூலையில் ஒருமுறை நாங்கள் போய் இறங்கியதும் வெப்பமானியைத் தண்ணீரில் வைத்தார். 20 டிகிரிக்கு மேல் காட்டியது. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு, போராடிக் களைத்த டிரவுட் நீந்திப் போனாலும் அப்புறம் செத்துவிடும். கோலைக் கூடப் பொருத்தாமல் காரைத் திருப்பினார். அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு வந்து அப்படித் திரும்ப ஒரு மனம் வேண்டும்.

எனக்குப் பிடிக்காததையும் சொல்கிறேன். இன்று முப்பது பிடித்தேன் என்று எண்ணிக்கை சொல்வதும், மீனை மார்புக்கு நேராகத் தூக்கிப் படம் எடுப்பதும். அங்கே உங்கள் குற்றச்சாட்டை முழுதாக ஏற்கிறேன்.

மற்றபடி அந்த நாளில் தூண்டில் வீசும் நேரம் குறைவு, பார்க்கும் நேரம்தான் அதிகம். மேஃப்ளை என்ற பூச்சி ஒரு வருடம் போல ஓடையடிக் கற்களில் சிறகில்லாத இளம்பூச்சியாக வாழ்ந்துவிட்டு ஒரு நாள் மேலே மிதந்து வந்து, தோலைப் பிளந்து, சிறகு விரித்துப் பறக்கும். வளர்ந்த பூச்சியால் இரை தின்ன முடியாது. இணைசேர்ந்து முட்டையிட்டு ஓரிரு நாளில் முடிந்துவிடும். பறக்கத் தயாராகும் அந்தச் சில நொடிகளில்தான் டிரவுட் மேலே வந்து கவ்வும். எந்தப் பூச்சி வெளிவருகிறது என்று பார்த்து அதே அளவில், அதே நிறத்தில் இறகும் ரோமமும் சுற்றிய ஈயைக் கட்ட வேண்டும். 1916இல் ராய் ஸ்டீன்ராட் அப்படி ஒரு ஈயைக் கட்டி, தன்னோடு மீன் பிடித்த ஆல்பர்ட் ஹெண்ட்ரிக்ஸன் பெயரை அதற்கு வைத்தார். அந்தப் பூச்சிக்கே இன்று ஹெண்ட்ரிக்ஸன் என்றுதான் பெயர். நாங்கள் அன்று அதற்காகத்தான் காத்திருந்தோம். நண்பர் பக்கத்தில் இல்லையென்றால் தண்ணீரின் மேல் எழுந்த வளையங்கள் எனக்கு வெறும் வளையங்களாகவே இருந்திருக்கும்.

நீங்கள் போய் வாருங்கள். மே முதல் பாதியில் என்றால் மதியம் இரண்டு மணி வாக்கில் ஹெண்ட்ரிக்ஸன் வெளிவர வாய்ப்பு அதிகம். ராஸ்கோ ஊரில் இரண்டு ஓடைகளும் சேரும் ஜங்ஷன் பூல் கரையில் உட்கார்ந்து பார்க்கலாம், அதற்கு உரிமம் எதுவும் வேண்டாம். மகன் தூண்டில் போடுவதானால் நியூயார்க் மாநில உரிமம் வாங்கச் சொல்லுங்கள், ஒரு நாளுக்கு மட்டும்கூடக் கிடைக்கும். நீங்கள் கோலைத் தொட வேண்டும் என்று கட்டாயமே இல்லை. ஆனால் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், மே மாதத்திலும் அங்கே சாயங்காலம் நன்றாகக் குளிரும்.

அன்புடன்