1939: போருக்கு நாள் குறித்தது யார்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற முறை ஹிட்லரையும் போலந்தையும் பற்றி நாலு வரி எழுதப்போக, கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருப்பதால் சேர்த்துப் பதில் சொல்கிறேன். போர் மூண்ட கதை மட்டும்தான் இங்கே. ஹிட்லர் அர்ஜென்டினாவுக்குத் தப்பினாரா, அவர் சைவமா என்று கேட்டவர்கள் மன்னிக்கவும்.

கே: ஹிட்லர் பிறந்தே இருக்காவிட்டால் இரண்டாம் உலகப் போர் வந்திருக்குமா? ஒரே சொல்லில் பதில் வேண்டும். (மதுரை வாசகர்)

ப: 1939 செப்டம்பரில், போலந்தின் மேல், அந்த வடிவத்திலா? இல்லை.

ஒரே சொல்லில் கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன். இனி காரணத்தையும் படித்துவிட்டுப் போங்கள். முதல் உலகப் போர் மூண்ட 1914ல் வியன்னா, பெர்லின், பீட்டர்ஸ்பர்க் என்று பல தலைநகரங்களில் பல பேர் சேர்ந்து சொதப்பினார்கள். 1939 அப்படியல்ல. ஜெர்மன் அமைச்சரவை கடைசியாகக் கூடியது 1938 பிப்ரவரி 5. அதோடு சரி. ஆஸ்திரியாவை விழுங்கியது, செக் தலைநகர் பிராகுக்குள் நுழைந்தது, போலந்தைத் தாக்கியது எதற்கும் அமைச்சரவைக் கூட்டம் என்று ஒன்று நடக்கவில்லை. அந்தக் கடைசிக் கூட்டத்துக்கு முந்தின நாள்தான் முப்படைத் தலைமையையும் ஹிட்லர் தன் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். "வேண்டாம்" என்று சொல்லக்கூடிய நாற்காலியே மிச்சமில்லை.

அதை அவரே அறிந்திருந்தார். 1939 ஆகஸ்ட் 22 அன்று ஓபர்சால்ஸ்பர்க் மலைவீட்டில் தளபதிகளிடம், எல்லாம் தன்னைப் பொறுத்தது, தன்னை எந்த நேரமும் ஒரு குற்றவாளியோ பைத்தியக்காரனோ தீர்த்துக்கட்டலாம் என்று பேசினார். மறுநாள் பிரிட்டிஷ் தூதர் ஹெண்டர்சனிடம் சொன்னது இன்னும் சுவாரசியம். எனக்கு 50 வயது, 55லோ 60லோ போர் வருவதைவிட இப்போதே வரட்டும் என்றார். ஒரு கண்டத்தின் தலைவிதியில் ஒரு மனிதரின் பிறந்தநாள் கணக்கு!

கே: போலந்துதான் முதலில் ஜெர்மன் வானொலி நிலையத்தைத் தாக்கியதாமே? மறைக்கப்பட்ட உண்மை என்று ஒரு காணொளியில் பார்த்தேன். (சேலம் வாசகர்)

ப: மறைக்கவெல்லாம் இல்லை. போருக்குப் பின் நாஜித் தலைவர்கள் மேல் நடந்த நியூரம்பர்க் விசாரணையிலேயே, செய்தவரின் வாக்குமூலத்தோடு பதிவான விஷயம். காணொளி பார்க்கும் நேரத்தில் ஒரு நல்ல புத்தகத்தைப் புரட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 31 இரவு. எல்லையோர ஊரான கிளைவிட்ஸ். நாஜிக் கட்சியின் ஆயுதப் பிரிவான எஸ்.எஸ். அதிகாரி நவ்யோக்ஸ் தலைமையில் ஒரு சின்னக் கூட்டம் வானொலி நிலையத்துக்குள் புகுந்தது. போலிஷ் மொழியில் ஓரிரு நிமிடம் பேச்சு. அதுவும் அக்கம்பக்கத்தைத் தாண்டிச் சரியாகக் கேட்கவில்லை. போகும்போது வாசலருகே ஒரு உடலைப் போட்டுவிட்டுப் போனார்கள். பிரான்சிஷெக் ஹொனியோக் என்ற சைலீசியக்காரர், போலந்து அனுதாபி என்று பெயர் எடுத்தவர். முந்தின நாள்தான் அவரைப் பிடித்து, மயக்க மருந்து கொடுத்து, "தாக்க வந்த போலந்துக்காரன்" வேடத்துக்கு வைத்திருந்தார்கள். ஏற்பாடு எஸ்.எஸ். உளவுத் தலைவர் ஹைட்ரிக்குடையது.

இப்போது தேதியைப் பாருங்கள். எப்போதும் சொல்வதுதான்: கதை எதுவானாலும் முதலில் தேதியை எழுதிக்கொள்ளுங்கள். தாக்குதலுக்கான இறுதி உத்தரவு ஆகஸ்ட் 31 பகலிலேயே போய்விட்டது. நாடகம் இரவு எட்டு மணிக்கு. ஒரு வாரம் முன்னாடியே தளபதிகளிடம், போர் தொடங்க ஒரு பிரசாரக் காரணம் தருகிறேன், அது நம்பும்படி இருக்கிறதா என்பது முக்கியமில்லை, வென்றவனிடம் யாரும் உண்மை கேட்பதில்லை என்று ஹிட்லர் சொல்லியிருந்தார்.

கே: போலந்துக் குதிரைப்படை ஈட்டியோடு டாங்கிகள் மேல் பாய்ந்ததா?

ப: இல்லை. முதல் நாள் கிரோயாந்தியில் ஜெர்மன் காலாட்படை மேல் பாய்ந்து அதைச் சிதறடித்தார்கள். அப்புறம் கவச வண்டிகள் வந்து சுட்டுத் தள்ளின. மறுநாள் அங்கே அழைத்துப்போகப்பட்ட பத்திரிகையாளர்கள் மிச்சத்தைக் கட்டிவிட்டார்கள்.

கே: போருக்கு உண்மையான காரணம் வெர்செய்ல்ஸ் உடன்படிக்கைதானே? ஹிட்லர் வெறும் கருவி. எங்கள் பாடநூலிலும் வழிகாட்டி நூலிலும் முதல் காரணமாக அதுதான் இருக்கிறது. (கல்லூரி மாணவர், கும்பகோணம், இதே கேள்வியை இன்னும் பலர்)

ப: வந்துவிட்டதா! இந்த வழிகாட்டி நூல் விடை என்னை விடாது போலிருக்கிறது. "வெர்செய்ல்ஸ், பாசிசம், சமாதானப்படுத்தும் கொள்கை, சர்வதேச சங்கத்தின் தோல்வி, உடனடிக் காரணம்" என்று ஐந்து துணைத்தலைப்புப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி எழுதினால் முழு மதிப்பெண். யார், எப்போது, யாருக்கு உத்தரவு போட்டார் என்று ஒரு வரி கிடையாது. ஐந்து தலைப்பும் தாமாகக் கூடிப் பேசி போலந்து மேல் குண்டு போட்டதுபோல.

சரி, தேதிகளுக்கு வருவோம். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி மேல் சுமத்திய உடன்படிக்கை கையெழுத்தானது 1919ல். இழப்பீடு 13,200 கோடி தங்க மார்க் என்று 1921ல் சொன்னார்கள். எல்லாரும் அந்த எண்ணோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதில் பெரும்பகுதி பிரெஞ்சு, பிரிட்டிஷ் வாக்காளர்களைத் திருப்திப்படுத்தப் போட்ட காகிதக் கணக்கு. உண்மையில் கேட்கப்பட்டது 5,000 கோடி. கட்டியது 2,000 கோடிக்கு முன்னே பின்னே. 1932 லோசான் மாநாட்டில் அதற்கும் கிட்டத்தட்ட முழுக்குப் போட்டாயிற்று. ஹிட்லர் பிரதமரானது 1933 ஜனவரி 30. அவர் வரும்போது இழப்பீடே இல்லை! ஜெர்மனியின் மேற்கு எல்லைப் பகுதியான ரைன்லாந்திலிருந்து நேச நாட்டுப் படைகள் 1930லேயே கிளம்பிவிட்டன.

இன்னொன்று. ஒரு ரொட்டிக்குக் கட்டுக்கட்டாக நோட்டு கொடுத்த பணவீக்கம் 1923ல். அந்தக் கோபம்தான் ஹிட்லரைக் கொண்டுவந்தது என்று எழுதுகிறீர்கள். 1928 தேர்தலில் நாஜிகள் வாங்கியது எவ்வளவு? 3 சதவீதம்கூட இல்லை, 12 இடம். 1930ல் 18, 1932 ஜூலையில் 37. இடையில் என்ன வந்தது? உலகப் பொருளாதார மந்தம். 60 லட்சம் பேருக்கு வேலையில்லை. வெர்செய்ல்ஸ் அதே வெர்செய்ல்ஸ்தான்.

அந்த உடன்படிக்கையை ஜெர்மனியில் எல்லாக் கட்சிக்காரர்களும் வெறுத்தார்கள். மறுக்கவில்லை. 1920களில் வெளியுறவு அமைச்சராக இருந்த ஸ்ட்ரெசமனும்தான் வெறுத்தார். அவர் பேசிப் பேசியே ஒவ்வொன்றாகக் கழற்றினார். நோபல் பரிசும் வாங்கினார். ஹிட்லரும் 1935ல் கட்டாய ராணுவச் சேவை, 1936ல் ரைன்லாந்துக்குள் படை என்று உடன்படிக்கையைக் கிழித்துக்கொண்டே போனார், ஒரு தோட்டாகூட எதிரே வரவில்லை. வெர்செய்ல்ஸைத் திருத்துவதுதான் நோக்கம் என்றால், 1938 முடிவில் அநேகமாக எல்லாம் கிடைத்துவிட்டது. அங்கே நின்றிருக்கலாமே?

நின்றாரா? 1939 மார்ச் 15 அன்று பிராகுக்குள் நுழைந்தார். செக் நிலம் வெர்செய்ல்ஸில் ஜெர்மனியிடமிருந்து பிடுங்கப்பட்டதே இல்லை. ஜெர்மன் பேசுபவர்கள் வாழ்ந்த செக் எல்லைப் பகுதியான சுடேட்டன்லாந்தும் அப்படித்தான், 1918 வரை ஆஸ்திரியாவிடம் இருந்த பகுதி. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருவர் வரைபடத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார். அதே ஆண்டு மே 23ல் தளபதிகளை அழைத்து, டான்சிக் நமக்குப் பிரச்சினையே இல்லை, கிழக்கே வாழிடத்தை விரிப்பதுதான் விஷயம் என்று ஹிட்லர் சொன்னதை அவருடைய உதவி அதிகாரி ஷ்முண்ட் குறிப்பெடுத்து வைத்திருக்கிறார். டான்சிக் துறைமுக நகரத்தை ஜெர்மனியிடமிருந்து பிரித்தது வெர்செய்ல்ஸ்; அதன் குழந்தை. அது பிரச்சினையே இல்லை என்று சொன்னவர் ஹிட்லர், நான் அல்ல.

ஆகவே, தம்பி, வெர்செய்ல்ஸை எழுதுங்கள். மேடைப் பேச்சுக்கு அவருக்குக் கிடைத்த சரக்கு என்று எழுதுங்கள். "உண்மையான காரணம்" என்று எழுதாதீர்கள். மதிப்பெண் குறைந்தால் என் பெயரைச் சொல்லித் திட்டிக்கொள்ளுங்கள்.

கே: ஹிட்லர் மக்கள் பெரும்பான்மையால் ஜெயித்து வந்தவர்தானே?

ப: சுதந்திரமான தேர்தல் எதிலும் நாஜிகள் 50 சதவீதம் தொட்டதில்லை. 1932 நவம்பரில் 33க்குச் சரிந்தார்கள். அதற்குக் கிட்டத்தட்ட மூன்று மாதம் கழித்துத்தான் முன்னாள் பிரதமர் பாப்பனின் கூட்டம் கிழவர் ஜனாதிபதி ஹிண்டன்பர்க்கிடம் ஓதி ஹிட்லரைப் பிரதமராக நியமிக்க வைத்தது. கம்யூனிஸ்டுகளை உள்ளே தள்ளிவிட்டு 1933 மார்ச்சில் நடத்திய தேர்தலிலும் 44தான். தேதி, எண் இரண்டையும் பார்க்காமல் இந்தக் கேள்வியை அனுப்பாதீர்கள்.

கே: சேம்பர்லேன் கோழைத்தனம் பண்ணாமல் இருந்திருந்தால் போரே வந்திருக்காது. குற்றவாளி அவர்தான் என்கிறேன். (தஞ்சை வாசகர்)

ப: திருடன் வீட்டில் இருக்க, கதவைத் திறந்துவைத்தவரை மட்டும் கூண்டில் ஏற்றுகிறீர்கள். பிரிட்டிஷ் பிரதமராக 1938 செப்டம்பரில் மூன்று முறை விமானம் ஏறிப் போய் சுடேட்டன்லாந்தை அவர் விட்டுக்கொடுத்தது தப்புத்தான். ஆனால் அதற்கான ஒப்பந்தம் கையெழுத்தான மியூனிக்கில் ஹிட்லர் சந்தோஷப்பட்டார் என்று நினைக்காதீர்கள். கேட்டது கிடைத்துவிட்டதே, போர் கைநழுவிவிட்டதே என்று எரிச்சல். அதனால்தான் 1939 ஆகஸ்ட் 22 கூட்டத்தில், கடைசி நேரத்தில் எந்தப் பன்றிப்பயலாவது சமரசத் திட்டத்தோடு வந்துவிடுவானோ என்பதுதான் என் ஒரே பயம் என்றார். இப்படிப்பட்டவரிடம் சேம்பர்லேன் மீசையை முறுக்கியிருந்தாலும் போர் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம். வராமலே போயிருக்கும் என்று சொல்ல முடியாது.

கே: பிரிட்டன் போருக்கு வரும் என்று ஹிட்லருக்குத் தெரியாதா?

ப: இந்தக் கேள்வி கேட்ட திருநெல்வேலி அம்மாவுக்கு என் பாராட்டு. இதுதான் கதையின் மையம்.

போலந்துத் தாக்குதலுக்கு முதலில் குறித்த நாள் ஆகஸ்ட் 26 விடியற்காலை. 25 பிற்பகலில் உத்தரவும் போய்விட்டது. அன்று மாலை இரண்டு செய்தி வந்தது. ஒன்று, லண்டனில் பிரிட்டன்-போலந்து உடன்படிக்கை கையெழுத்து. இன்னொன்று, முசோலினியின் கடிதம்: இத்தாலி தயாராக இல்லை. (பின்னால் ஒரு பட்டியலும் அனுப்பினார், எஃகு, நிலக்கரி, எண்ணெய் என்று யாராலும் கொடுக்க முடியாத அளவு. மருமகனும் வெளியுறவு அமைச்சருமான சியானோவின் கைங்கரியம்.) ஹிட்லர் உடனே நிறுத்தச் சொன்னார். எல்லையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த லட்சக்கணக்கான சிப்பாய்கள் இருட்டில் நிறுத்தப்பட்டார்கள். யப்லுன்கோவ் கணவாய்க்குப் போன ஒரு சிறு குழுவுக்கு மட்டும் தகவல் எட்டவில்லை. அவர்கள் பாட்டுக்கு ரயில் நிலையத்தைப் பிடித்துவிட்டு, பின்னால் வர வேண்டிய ராணுவத்தைக் காணோமே என்று விழித்தார்கள். போர் இன்னும் தொடங்கவில்லை என்று எதிரில் இருந்த போலந்துக்காரர்கள் சொல்லித்தான் தெரிந்ததாம்.

ஒருவர் ஒரு சொல் சொன்னால் போர் கிளம்புகிறது, இன்னொரு சொல் சொன்னால் நிற்கிறது. "பொருளாதாரச் சூழல்", "வரலாற்றுச் சக்திகள்" என்று எழுதுபவர்கள் அந்த ஒரு மாலையைப் படிக்க வேண்டும். அந்தச் சக்திகள் எல்லாம் 25ஆம் தேதி ராத்திரி எங்கே போயிருந்தன?

ஐந்து நாள் யோசித்து, பிரிட்டன் குரைக்கும், கடிக்காது என்ற வெளியுறவு அமைச்சர் ரிப்பன்டிராப்பின் பேச்சையே நம்பினார். செப்டம்பர் 3 காலை ஒன்பது மணிக்கு ஹெண்டர்சன் இறுதி எச்சரிக்கையோடு வந்தார். அதை வாங்க ரிப்பன்டிராப் வரவில்லை. மொழிபெயர்ப்பாளர் ஷ்மிட்டை நிறுத்திவைத்தார். ஷ்மிட் அதை எடுத்துப்போய் ஹிட்லர் முன் வாசித்தார். ஹிட்லர் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்துவிட்டு, ஜன்னலோரம் நின்ற ரிப்பன்டிராப்பைப் பார்த்து "இப்போ என்ன?" என்று கேட்டாராம். ஷ்மிட் பின்னாளில் எழுதிவைத்தது.

கே: ஸ்டாலினை ஏன் விட்டுவிடுகிறீர்கள்?

ப: விடவில்லை. ஜெர்மனியும் சோவியத்தும் ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்று போட்ட ஆகஸ்ட் 23 ஒப்பந்தம் இல்லாமல் ஹிட்லருக்கு அந்தத் துணிச்சல் இவ்வளவு சுலபமாக வந்திருக்காது. இரகசிய இணைப்பில் போலந்தைப் பங்கு பிரித்தார்கள். செப்டம்பர் 17ல் செஞ்சேனை கிழக்கிலிருந்து உள்ளே வந்தது. அந்த இணைப்பு இருப்பதையே மாஸ்கோ 1989 வரை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் போலந்துத் தாக்குதலுக்குத் தயாராகச் சொல்லி ஹிட்லர் போட்ட உத்தரவின் தேதி ஏப்ரல் 3. செப்டம்பர் 1 முதல் எந்த நேரமும் முடியும்படி இருக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. மாஸ்கோ கதவைத் திறந்து பிடித்துக்கொண்டது. நாள் குறித்தது பெர்லின்.

கே: காந்தி ஹிட்லருக்குக் கடிதம் எழுதினாரா? எங்கள் வீட்டில் பெரிய சண்டை.

ப: எழுதினார். 1939 ஜூலை 23, வார்தாவிலிருந்து. "அன்பு நண்பரே" என்று தொடங்கி, போரைத் தடுக்கக்கூடிய ஒரே மனிதர் இன்று நீங்கள்தான் என்று எழுதினார். பிரிட்டிஷ் அரசு அதைப் போகவிடவில்லை. நண்பரே என்று அழைத்ததற்காகச் சிரிப்பவர்கள், பொறுப்பு யாருடையது என்று அவர் சரியாகச் சொன்னதையும் கவனிக்கலாம்.

கே: செண்பகராமன் பிள்ளையிடம் ஹிட்லர் மன்னிப்புக் கேட்டாரே, அது பற்றி எழுதுங்கள்.

ப: செண்பகராமன் மறைந்தது 1934ல். 1939 போருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? கைபேசியில் வந்ததை எல்லாம் எனக்குத் திருப்பி அனுப்பாதீர்கள்.

கே: இந்தியா இந்தப் போருக்குள் எப்படி வந்தது?

ப: வைஸ்ராய் லின்லித்கோ செப்டம்பர் 3 அன்று அறிவித்தார், அவ்வளவுதான். ஒரு இந்தியத் தலைவரையும் கேட்கவில்லை. அதைக் கண்டித்துக் காங்கிரஸ் மாகாண அமைச்சரவைகள் விலகின. சென்னையில் ராஜாஜி அக்டோபர் கடைசியில் ராஜினாமா செய்தார். யாரையும் கேட்காமல் போர் அறிவிப்பது சர்வாதிகாரிகளின் தனிச்சொத்து என்று எண்ண வேண்டாம்.

கே: போர் தொடங்கியது செப்டம்பர் 1ஆ, 3ஆ? எத்தனை மணிக்கு? அவசரம், நாளை தேர்வு.

ப: 1 என்று எழுதுங்கள். டான்சிக் துறைமுகத்துக்கு "நல்லெண்ண வருகை" வந்திருந்த ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் என்ற பழைய போர்க்கப்பல் அங்கிருந்த போலந்துக் காவல்தளமான வெஸ்டர்பிளாட்டே மேல் சுட்டது காலை 4.45க்கு, கொஞ்சம் முன்னே பின்னே. ஹிட்லரைக் கேட்டு எழுதாதீர்கள். அன்று நாடாளுமன்றத்தில் 5.45 முதல் நாம் திருப்பிச் சுடுகிறோம் என்றார். "திருப்பி" என்பதும் பொய், மணியும் தப்பு. 3 என்பது பிரிட்டனும் பிரான்சும் இறங்கிய நாள். சீனர்களைக் கேட்டால் ஜப்பானோடு முழுப் போர் மூண்ட 1937 ஜூலை என்பார்கள். அதை நாளைய விடைத்தாளில் எழுத வேண்டாம்.