தன் முகத்தை எடுத்துவிட்ட மன்னன்

கேள்வி: இந்தியாவுக்கு நாணயம் அடிக்கக் கற்றுக்கொடுத்தவர்களே கிரேக்கர்கள்தான், இந்தோ-கிரேக்க வெள்ளிக் காசுகளே அதற்குச் சாட்சி என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். சரியா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: சரியில்லை. கி.மு. 326-இல் அலெக்சாண்டர் இந்தியாவின் வடமேற்கில் இருந்த தட்சசீலத்துக்கு வந்தபோது, அந்த ஊர் அரசன் அம்பி கொடுத்த காணிக்கையில் முத்திரையிட்ட வெள்ளி, அதாவது வெள்ளிக் காசு, மட்டுமே 80 தாலந்து (அந்தக் கால எடை அளவு) இருந்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் கர்ட்டியஸ் எழுதியிருக்கிறார். வந்தவருக்கே காசை அள்ளிக் கொடுத்த ஊருக்கு, வந்தவர் காசடிக்கக் கற்றுக்கொடுத்தார் என்றால் எப்படி? வெள்ளித் தகட்டை வெட்டி, எடை சரிபார்த்து, சூரியன், மலை என்று ஒவ்வொரு முத்திரையாகக் குத்தும் வழக்கம் அதற்கு முன்பே இங்கே இருந்தது.

மன்னனின் முகத்தை உயிரோட்டமாகச் செதுக்கி, பேரோடு அச்சடித்தது கிரேக்கர் கொண்டுவந்த கலை. அதை மறுக்கவில்லை. ஆனால் இந்துகுஷ் மலையைத் தாண்டி இந்தியப் பக்கம் ஆள வந்ததும் அவர்களே மாறிவிட்டார்கள். அவர்களைத்தான் இந்தோ-கிரேக்கர் என்கிறோம். அவர்களில் ஒரு மன்னனான முதலாம் அப்பலோடோட்டஸின் வெள்ளிக் காசு நம் முத்திரைக் காசு மாதிரி சதுரம். ஒரு பக்கம் யானை, கிரேக்க எழுத்து. மறுபக்கம் திமில் காளை, வடமேற்கு இந்தியாவில் வழங்கிய கரோஷ்டி எழுத்து. திராக்மா என்ற கிரேக்க வெள்ளிக் காசு 4.3 கிராம் என்றால் இது சுமார் 2.4 கிராம்தான். இந்த மண்ணின் சந்தையில் செல்ல வேண்டுமே!

எனக்கு மிகப் பிடித்தது அகதாக்ளிஸ் என்ற இந்தோ-கிரேக்க மன்னனின் காசு. ஆப்கானிஸ்தானில் ஆமு நதிக்கரையில் உள்ள ஆய் கானுமில் 1970-இல் பிரெஞ்சு அகழாய்வாளர்களுக்கு இதில் ஆறு கிடைத்தன. கி.மு. 180 வாக்கில் அடித்தவை. ஒரு பக்கம் கலப்பையோடு பலராமன். சங்கப் பாடல் பனைக்கொடியோன் என்று சொல்லும் அதே நாஞ்சில் (கலப்பை) ஏந்திய தெய்வம். மறுபக்கம் சங்கும் சக்கரமும் ஏந்திய வாசுதேவன், பக்கத்தில் பிராமி என்ற பழைய இந்திய எழுத்தில் 'ராஜனே அகதுக்லெயஸ' என்று மன்னன் பேர். மன்னன் முகம்? இல்லவே இல்லை. கிரேக்க நாணயத்தின் பெருமையே முகம்தான். அதையே எடுத்துவிட்டு இந்தத் தெய்வங்களுக்கு இடம் கொடுத்திருக்கிறான். இதையா கிரேக்கர் நமக்குக் கற்றுக்கொடுத்ததற்குச் சாட்சி என்பது?

இன்னொன்று. இதே அகதாக்ளிஸின் வேறொரு காசில் கிரேக்கப் பெயரைப் பக்கத்தில் வைத்துத்தான் 1836-இல் ஐரோப்பிய அறிஞர் கிறிஸ்டியன் லாசன், அதுவரை யாராலும் முழுதாகப் படிக்க முடியாத பிராமி எழுத்துகள் சிலவற்றைப் படித்தார். அடுத்த ஆண்டே ஆங்கிலேய அறிஞர் ஜேம்ஸ் பிரின்செப் மிச்சத்தையும் படித்து முடித்தார். பிராமியில் வெட்டிய அசோகர் கல்வெட்டுகள் பேசத் தொடங்கியது அப்புறம்தான்.

நண்பரிடம் அந்த ஆய் கானும் காசின் படத்தை, இரண்டு பக்கத்தையும், காட்டுங்கள்.