கொரோனா ஊரடங்கின்போது கடற்கரையோரம் வாகனத்துக்குள்ளேயே வாழ்ந்தவர்கள் யாராவது உண்டா? அந்த வாழ்க்கை எப்படி இருந்தது?

உண்டு. 2020 மார்ச் 19 காலையிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை, முல்லைத்தீவுக்குத் தெற்கே அளம்பில் கரையில், ஒரு பழைய டொயோட்டா ஹையேஸ் வானுக்குள் இருந்தேன். எங்கள் பக்கத்தில் அந்த வானை டொல்பின் என்பார்கள். அடுப்பும் குளியலறையும் பூட்டிய வெளிநாட்டுக் கேரவனை மனதில் வைத்துக் கேட்டிருந்தால் இந்தப் பதில் உங்களுக்கு ஏமாற்றம்தான். என்னுடையதில் இருந்தவை ஒரு பலகை, ஒரு பஞ்சு மெத்தை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு.

நான் அப்போது கொழும்பில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். விளக்குகள், தாங்கிகள், வயர்ச் சுருள்கள் எல்லாவற்றையும் ஏற்றுவதற்காகப் பின் இருக்கைகளைக் கழற்றியிருந்தேன். தூரத்துக் கல்யாணங்களுக்குப் போனால் மண்டபத்துக்காரர்கள் படுக்க இடம் தரமாட்டார்கள் என்பதால் பலகையும் மெத்தையும் அதற்கு முன்பே வந்துவிட்டன. ஆகவே வானில் தூங்குவது எனக்குப் புதிதல்ல. புதிதாக இருந்தது, விடிந்த பிறகும் அதிலேயே இருப்பது.

அரசாங்கம் மார்ச் 17 முதல் மூன்று நாள் விடுமுறை அறிவித்திருந்தது. பிடித்து வைத்திருந்த கல்யாணங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோக, 18 ஆம் திகதி இரவு புறப்பட்டேன். புத்தளம், கொச்சிக்கடைப் பக்கம் அன்று மாலையே ஊரடங்கு போட்டுவிட்டார்கள். குருநாகல் பாதையால் சுற்றி, வவுனியா தாண்டி, மாங்குளத்தில் திரும்பி, ஒட்டுசுட்டான் வரும்போது கிழக்கு வெளுத்திருந்தது. 20 ஆம் திகதி வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு. இரண்டு நாள் தாமதித்திருந்தால் வெள்ளவத்தையில் ஜன்னல் இல்லாத அறையொன்றில் இதே கதையை வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

அம்மாவின் வீட்டு வாசலில் இறங்க முடியவில்லை. கொழும்பிலிருந்து ஒருவன் வந்திருக்கிறான் என்ற செய்தி எனக்கு முன்பே கிராம அலுவலரான விதானையாருக்குப் போய்விட்டது. அவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ.க்குச் சொல்ல, பி.எச்.ஐ. மோட்டார் சைக்கிளில் வந்து, பத்தடி தள்ளி நின்று, 14 நாள் தனியாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுத்திட்டத்தில் கட்டிய சின்ன வீடு. உள்ளே நீரிழிவுக்காரியான அம்மா, அக்கா, அத்தான், நான்கு மாதக் குழந்தை. எனக்கு எங்கே தனியறை? மாமாவின் தென்னங்காணி கடற்கரையோரம் ஆளில்லாமல் கிடந்தது. வானை அங்கே விட்டேன். அந்த 14 நாள் கட்டாயம். அதற்குப் பிறகு இருந்த நாட்கள் என் பிடிவாதம், அதற்கு பி.எச்.ஐ.யைக் குறை சொல்ல முடியாது.

தென்னங்காணியில் வாகனம் விடுவதில் முதல் பாடம், தென்னைக்குக் கீழே விடக் கூடாது. முதல் இரவு அரை மணி நேர இடைவெளியில் விழுந்த இரண்டு தேங்காய்களில் ஒன்று முன்கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. மறுநாள் கரைப்பக்கம் இருந்த சவுக்கு மரங்களின் ஓரத்துக்கு நகர்த்தினேன். வானின் மூக்கைக் கடலைப் பார்க்க நிறுத்தினேன். சாரதி ஆசனத்தில் கால் மடித்து உட்கார்ந்து, முன்கண்ணாடி வழியே கடலைப் பார்த்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்தேன். உண்மையைச் சொன்னால், அந்த முதல் மூன்று நாளும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தேன்.

மூன்றாம் நாள் பக்கத்துக் காணி ஆச்சி வேலிக்கு அப்பால் வந்து நின்றார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தார். நலம் விசாரிக்கவில்லை, கொழும்பில் என்ன நிலைமை என்று கேட்கவில்லை.

"தம்பி, வண்டியை ஏன் கடலைப் பார்க்க விட்டிருக்கிறாய்?"

பார்க்க நன்றாக இருக்கிறது ஆச்சி என்றேன்.

"திருப்பி விடு. மூக்கு வீதிப் பக்கம் இருக்கட்டும். வண்டித் திறப்பை ஒரே இடத்தில் வை."

வயதானவர் சொல்கிறார் என்று திருப்பினேன். மணலில் சில்லுப் புதைந்து, தென்னோலை மட்டைகளை அடியில் கொடுத்து, முன்னும் பின்னுமாக இழுத்து, அரை மணி நேரம் பிடித்தது. ஆச்சி வேலியடியில் நின்று முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் போனார். திருப்பிய பிறகுதான் ஒன்று தெரிந்தது. பின்கதவை மேலே தூக்கினால் படுத்தபடியே கடல் முழுவதும் தெரிகிறது. அந்தக் காட்சியோடு உப்புக் காற்றும் நேராக மெத்தைக்குத்தான் வருகிறது என்பது ஒரு வாரம் கழித்து, மெத்தை பிசுபிசுக்கத் தொடங்கியபோது தெரிந்தது.

இனி வெக்கை. இரும்புக் கூட்டுக்குள் காலை ஒன்பது மணிக்கு மேல் இருக்க முடியாது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் எங்கள் அகலாங்கில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நடுப்பகலில் உங்கள் நிழல் உங்கள் காலுக்கடியில் கிடக்கும், சவுக்கு நிழலும் அப்படித்தான். இதற்கும் வழி ஆச்சியிடமிருந்தே வந்தது. வீட்டுக் கூரை மாற்றுவதற்கென்று பின்னி வைத்திருந்த தென்னோலைக் கிடுகில் அறுபதைக் கடனாகத் தந்தார். கூரை மீது முதலில் நான்கு சவுக்குத் தடிகளைக் கிடத்தி, அதற்கு மேல் கிடுகைப் பரப்பி, தும்புக் கயிற்றால் சில்லுகளோடு இழுத்துக் கட்டினேன். தடி வைப்பதில்தான் விஷயம் இருக்கிறது. தகரத்துக்கும் கிடுகுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விட்டால் காற்று ஓடும். நேராகப் போட்டால் கிடுகும் சேர்ந்து சுடும். கட்டி முடித்துத் தூரப் போய்ப் பார்த்தேன். ரயர் பூட்டிய மீனவர் வாடிக் குடிசை போல இருந்தது.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். வாகனத்தில் கடற்கரையில் வாழ்வது பற்றிப் பேசுகிறவர்கள் சூரியோதயத்தைச் சொல்வார்கள், கிணற்றைச் சொல்வதில்லை. கடலிலிருந்து நூற்றைம்பது மீற்றரில் எப்படி நல்ல தண்ணீர் வருகிறது? மாரியில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் கலக்காமல் மேலே நிற்கும். மேலாக அள்ளினால் நல்ல தண்ணீர், மோட்டார் போட்டு உறிஞ்சினால் கீழேயுள்ள உப்பு ஏறிவிடும், பிறகு அடுத்த மாரி வரை காத்திருக்க வேண்டும். என்னிடம் ஒரு சின்னத் தண்ணீர் மோட்டார் இருந்தது, போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஆச்சி பதில் சொல்லாமல் வாளியை நீட்டினார்.

அது கொங்கிறீட் வளையம் இறக்கிய கிணறு, பத்தடிக்குள் தண்ணீர். சித்திரை முடிவதற்குள் ஒரு வளையம் இறங்கிவிட்டது. தனிமைப்பட்டிருந்த 14 நாளும் நான் கிணற்றைத் தொடக்கூடாது. ஆச்சி அள்ளி, ஐந்து வாளியை வேலியடியில் வைத்துவிட்டுப் போவார். எழுபது வயது இருக்கும். அதன் பிறகு நான் எனக்கும் அள்ளி அவருக்கும் அள்ளினேன். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து வாளி போதும் என்று அப்போதுதான் அறிந்தேன். குளிக்க இரண்டு, சமையலுக்கும் குடிக்கவும் ஒன்று, பாத்திரம், கை கால், மலசலகூடம் மிச்சம் இரண்டில். மலசலகூடமும் ஆச்சியுடையதுதான். இப்போது யோசித்தால் நான் வானில் வாழ்ந்தேன் என்று சொல்வதில் கொஞ்சம் பொய் இருக்கிறது. படுத்தது மட்டும்தான் வானில்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அம்மா அரிசியும் பருப்பும் படலையில் வைத்துவிட்டு, தூரப் போய் நின்று கையசைப்பார். மீன் தேவைக்கு மேல் கிடைத்தது. மார்ச்சிலிருந்து எங்கள் பக்கக் கடல் அடங்கிவிடும், தொழில் நல்ல காலம். ஆனால் பிடித்த மீனை ஏற்றக் கொழும்பிலிருந்து கூலர் லொறிகள் ஒழுங்காக வரவில்லை. கரைவலையில் வந்த சூடையும் நெத்தலியும் கருவாட்டுக்கு மணலில் காய்ந்தன, நல்ல பாரையைக்கூட யாருக்காவது சும்மா கொடுத்தார்கள். கரைவலைக்குச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து முப்பது அடியில் நான் இலவச மீனில் சொதி வைத்துச் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்?

பற்றரி, துரு பற்றிக் கேட்பவர்களுக்கு: மூன்று நாளுக்கு ஒருமுறை எஞ்சினை இருபது நிமிடம் ஓட விடுவேன், கைத்தொலைபேசிக்கும் ஒரு சின்ன மின்விளக்குக்கும் அது போதும். டீசல் அப்போது லீற்றர் 104 ரூபாய். பற்றரி முனையில் பச்சையும் வெள்ளையுமாய்ப் பூக்கும், சுடுதண்ணீர் ஊற்றித் துடைத்துக் கிறீஸ் பூசினால் அடங்கும். கதவுப் பிணைச்சல்களைக் காப்பாற்ற முடியவில்லை. ஜூனில் வழுக்குக் கதவு ஒரு ஆள் இழுத்தால் திறக்காத நிலைக்கு வந்துவிட்டது.

இரவுகளில் ஒரு தடவை மட்டும் ரோந்து வந்தவர்கள் கண்ணாடியில் தட்டினார்கள். டோர்ச் அடித்து அடையாள அட்டையைப் பார்த்தார்கள், பிறகு கிடுகுக் கூரையைப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்துவிட்டார். அவர்கள் போன பிறகும் வெகுநேரம் என் நெஞ்சு அடித்துக்கொண்டது. வன்னியில் இரவில் டோர்ச் வெளிச்சம் கண்ணில் பட்டு வளர்ந்தவர்களுக்கு அது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

புத்தாண்டன்று கோயில் பூட்டியிருந்தது. ஆச்சி தானே, புத்தாண்டில் தலையில் வைத்துக் குளிக்கும் மூலிகை மருத்துநீரைக் காய்ச்சி ஒரு தயிர்ச் சட்டியில் கொண்டுவந்து வானின் படியில் வைத்தார். தனிமைக் காலம் முடிந்திருந்ததால் அன்றுதான் முதன்முறையாக வேலியைத் தாண்டி வந்தார். பின்கதவடியில் நின்று உள்ளே ஒவ்வொன்றாகப் பார்த்தார். அடுப்பு, அரிசி வாளி, கொடியில் தொங்கிய சாரம். பிறகு, கேட்காமலே சொன்னார். யுத்தத்தில், 2008 கடைசியில் அளம்பிலை விட்டு வெளிக்கிட்டபோது அவர்களிடம் உழவு இயந்திரமும் அதன் இழுவைப் பெட்டியும் இருந்தன. புதுக்குடியிருப்பு, இரணைப்பாலை, மாத்தளன் என்று பெட்டிதான் வீடு. மேலே சாமான், அடியில் குழி வெட்டிப் பிள்ளைகள். மாத்தளனில் மணலில் சனத்துக்கு நடுவே விட்டபோது மூக்குக் கடலைப் பார்க்க நின்றது. திருப்ப வேண்டி வந்த அன்று திருப்ப இடமில்லை. அப்படியே விட்டுவிட்டு நடந்தார்கள்.

அவ்வளவுதான் சொன்னார். யார் யார் நடந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. மருத்துநீர் ஆறுவதற்குள் தலையில் வை என்றார்.

அதன் பிறகு ஊர்க்காரர்கள் என் வானைப் பார்த்த பார்வை எனக்கு வேறாகத் தெரிந்தது. வெளிநாட்டில் இருக்கும் நண்பனுக்குப் படம் அனுப்பியபோது, கொடுத்து வைத்தவன் என்று எழுதினான். இங்கே அந்த வழியால் போன ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை. வேண்டுமா என்று கேட்டுத் தார்ப்பாய்ப் படங்கு தந்தார்கள், ஒரு சின்னப் பொடியன் தகப்பன் கொடுத்தனுப்பியதாக மண்வெட்டி கொண்டுவந்தான். மண்வெட்டி எதற்கு என்று எனக்கு உடனே விளங்கவில்லை. மழை வந்தால் சுற்றி வாய்க்கால் வெட்ட.

மழை வந்தது. மே நடுப்பகுதியில் வங்கக் கடலில் அம்பன் புயல் உருவாகி வடக்கே போனது. எங்கள் கரையைத் தொடவில்லை, ஆனாலும் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவித்து, படகுகளையெல்லாம் மேலே இழுத்து வைத்தார்கள். இரண்டு இரவு காற்று வானை ஒரு பக்கமாகத் தள்ளித் தள்ளி ஆட்டியது. கிடுகில் பாதி பறந்தது. வாய்க்கால் வெட்டியிருந்ததால் சில்லடியில் மணல் கரையவில்லை. யுத்தத்தில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18 மாலையும் வானம் மூடித்தான் இருந்தது. வட்டுவாகல் பாலத்துக்கு அப்பால் முள்ளிவாய்க்காலுக்குப் போக நினைத்தவர்களில் எங்கள் பக்கத்தில் பலர் போகவில்லை. ஆச்சி கிணற்றுக்கட்டில் மூன்று மண் சிட்டிகளில் விளக்கு வைத்தார். காற்று அணைக்க அணைக்க ஏற்றிக்கொண்டிருந்தார். நான் என் படங்கை எடுத்துக்கொண்டுபோய் மறைப்புப் பிடித்தேன்.

மே 26 முதல் கொழும்பு, கம்பஹா தவிர்ந்த மாவட்டங்களுக்கிடையே போக்குவரத்தை விட்டார்கள். ஜூன் நடுவில் நான் புறப்பட்டேன். கிடுகை அவிழ்த்து, உடையாத முப்பத்தொன்றைத் திருப்பிக் கொடுத்தேன். மிச்சத்துக்குக் காசு கொடுத்தபோது வாங்கவில்லை. வான் ஒரே திருகில் ஸ்டார்ட் ஆகி, ஒரே இழுவையில் வீதிக்கு ஏறியது.

இப்படி இருந்து பார்க்கலாமா என்று உங்கள் கேள்விக்குள் ஒரு ஆசை தெரிகிறது. பார்க்கலாம். பங்குனி முதல் ஆனி வரை எங்கள் கரை நல்லது, வாடைக் காற்றுக் காலத்தில் வந்துவிடாதீர்கள். இடம் பார்க்கும்போது முதலில் கடலைப் பார்க்காமல், பக்கத்தில் யாருடைய கிணறு இருக்கிறது என்று பாருங்கள்.

அந்த மெத்தையில் மறுபடியும் தூங்க வேண்டி வந்தது 2022 இல், எரிபொருள் தட்டுப்பாட்டின்போது டீசல் வரிசையில், இரண்டு இரவு. அடுத்த ஆண்டு வானை விற்றேன். 2020 மார்ச்சிலிருந்தே வாகன இறக்குமதி நின்றுபோயிருந்ததால் வாங்கிய விலையைவிடக் கூடவே கிடைத்தது. வாங்க வந்தவர் கூரையோரத்தை விரலால் தடவி, இது என்ன கோடு கோடாக என்று கேட்டார். கிடுகுக் கயிறு உராய்ந்தது என்றேன். பெயின்ற் செலவென்று இருபதாயிரம் குறைத்துக்கொண்டார்.