போஸ்டரில் 60 கோடி, கையில் எவ்வளவு? சினிமா வேலைக்குப் போக நினைக்கும் மகளின் அம்மாவுக்கு

கேள்வி: என் மகள் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். படிப்பு முடிந்ததும் சினிமா தயாரிப்பு நிறுவனத்தில்தான் வேலை என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். “25 கோடியில் எடுத்த படம் 60 கோடி வசூல் பண்ணியிருக்கு, அங்கே காசுக்கா பஞ்சம்?” என்கிறாள். இதற்கிடையே உறவுக்காரர் ஒருவர், சின்னப் படம் ஒன்றில் 15 லட்சம் போட்டால் லாபத்தில் பங்கும் தருகிறேன், பெண்ணுக்கு வேலையும் போட்டுத் தருகிறேன் என்கிறார். என்ன செய்வது?

பதில்: அம்மா, வேலைக்குப் போகட்டும், பணம் போட வேண்டாம். வேலையையும் முதலீட்டையும் ஒரே பேச்சில் முடிச்சுப் போடுகிறவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். வேலை தருகிற நிறுவனம் சம்பளம் கொடுக்கும், பணம் கேட்காது. ஏன் இப்படிச் சொல்கிறோம் என்பது புரிய, உங்கள் மகள் சொன்ன அந்த 25, 60 என்ற இரண்டு எண்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கு பிடிபட்டால் அவளுக்கு எந்த வேலை பொருந்தும் என்பதும் தானே தெரிந்துவிடும்.

போஸ்டரில் போடுகிற வசூல் ‘கிராஸ்’. ரசிகர் டிக்கெட்டுக்குக் கொடுத்த மொத்தப் பணம். அதில் முதலில் கை வைப்பது அரசு. 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 2019 ஜனவரிக்கு முன்பு அது 28 ஆக இருந்தது. 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். தமிழ்நாட்டில் இதற்கு மேல் உள்ளாட்சி கேளிக்கை வரி தனி. அந்த வரி 8 சதவீதமாக இருந்த ஆண்டுகளில் சென்னை மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டின் கணக்கு இப்படி இருந்தது: அடிப்படை விலை 150, ஜிஎஸ்டி 27, கேளிக்கை வரி 12, ஆக 189 ரூபாய். ரசிகர் கொடுத்தது 189, சினிமாத் தொழிலுக்குள் வந்தது 150. இந்த 150தான் ‘நெட்’. இணையத்தில் பதிவு செய்யும்போது பிடிக்கிற கட்டணம் இந்தக் கணக்கிலேயே வராது.

நெட்டிலும் பாதிதான் படத்துக்கு. மீதி தியேட்டருக்கு. இந்தப் பங்கு விகிதம் ஊருக்கு ஊர், வாரத்துக்கு வாரம் மாறும். 2009-ல் இந்திப் பட உலகம் மல்டிபிளெக்ஸ்களோடு மல்லுக்கட்டி முடித்தபோது உருவான சூத்திரம் முதல் வாரம் 50, அடுத்து 42.5, 37.5, பிறகு 30 சதவீதம். தமிழ்நாட்டில் தனித் திரையரங்குகளில் பெரிய நட்சத்திரப் படத்துக்கு முதல் வாரம் 70 வரைக்கும் கேட்பார்கள், அதைத் தாண்டியும் கேட்பார்கள். யாருமில்லாத சின்னப் படத்துக்கு 50 கிடைத்தாலே பெரிய விஷயம். தியேட்டர் பங்கு போக வருவதுதான் ‘ஷேர்’. வியாபாரம் தெரிந்தவர்கள் பேசுவது ஷேரைத்தான். கிராஸ் என்பது ரசிகர் மன்றத்துக்கு.

இப்போது அந்த 60 கோடியை எடுத்துக்கொள்வோம். இது கற்பனைப் படம், ஆனால் கணக்கு நடப்பில் உள்ளதுதான். தமிழ்நாட்டில் 40 கோடி, கேரளா கர்நாடகா ஆந்திரா சேர்த்து 8, வெளிநாடு 12 என்று வைப்போம். தமிழ்நாட்டின் 40-ல் வரி போனால் சுமார் 32. தியேட்டருக்குப் பாதி போனால் ஷேர் 16. விநியோகஸ்தர் 10 சதவீதக் கமிஷனுக்கு எடுத்திருந்தால் 14.4 தயாரிப்பாளர் கைக்கு வரும். பிற மாநிலங்களில் இருந்து ஒரு 3 கோடி. வெளிநாட்டு உரிமையை முன்பே 4 கோடிக்கு விற்றாயிற்று. அங்கே 12 வசூலானாலும் 20 வசூலானாலும் தயாரிப்பாளருக்கு 4-தான். கூட்டினால் 21.4 கோடி. 60 என்று போஸ்டர் ஒட்டிய படத்துக்குத் தியேட்டர் வழியாக வந்தது இவ்வளவு.

செலவுப் பக்கம் வாருங்கள். பட்ஜெட் 25 கோடி என்று சொல்வது பெரும்பாலும் சம்பளமும் படப்பிடிப்பும் பிற்பாடு வேலைகளும்தான். அதில் 12 கோடி கடன், மாதம் 2 வட்டி, பூஜையிலிருந்து ரிலீஸ் வரை 15 மாதம் என்றால் வட்டி மட்டும் 3.6 கோடி. விளம்பரமும் தியேட்டர்களுக்கான டிஜிட்டல் ஒளிபரப்புக் கட்டணமும் சேர்த்து 4 கோடி. மொத்தம் 32.6. தியேட்டரிலிருந்து வந்த 21.4-ஐக் கழித்தால் 11.2 கோடி துண்டு விழுகிறது! ஓடிடி, சாட்டிலைட், ஆடியோ, இந்தி டப்பிங் எல்லாம் சேர்ந்து 14 கோடிக்குப் போனால்தான் 2.8 கோடி லாபம். படம் ஆறு மாதம் தள்ளிப்போனால் கூடுதல் வட்டி 1.44 கோடி, லாபம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கதாநாயகனின் கால்ஷீட் ஒரு ஷெட்யூல் தள்ளுவதற்கு இதுதான் விலை.

பட்ஜெட்டை விட வசூல் அதிகம் என்பதால் படம் ஜெயித்தது என்று ஆகாது என்பதற்கு ஊரறிந்த உதாரணம் டிஸ்னியின் ‘ஜான் கார்ட்டர்’. சுமார் 250 மில்லியன் டாலரில் எடுத்து 2012 மார்ச்சில் வெளியிட்டார்கள். உலகம் முழுக்க வசூல் 280 மில்லியனுக்கு மேல். ஆனால் படம் வந்த அதே மாதத்தில், இதனால் 200 மில்லியன் டாலர் அளவுக்கு நஷ்டம் வரும் என்று நிறுவனமே அறிவித்தது. தியேட்டர் பங்கும் விளம்பரச் செலவும் தின்ற பிறகு மிச்சம் அப்படித்தான் இருக்கும். தியேட்டர் வருமானத்தை மட்டும் நம்பிய படம் என்றால் கிராஸ், செலவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வந்தாக வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். நம் கற்பனைப் படத்தில் கிராஸ் 60-க்கு 21.4 கிடைத்தது, அதாவது மூன்றில் ஒரு பங்கு. இங்கே இரண்டு மடங்கும் போதாது.

நஷ்டம் யார் தலையில் விழும் என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. எம்ஜி என்கிற மினிமம் கேரண்டியில் விநியோகஸ்தர் ஒரு தொகையைக் கட்டிவிடுவார். ஓடாவிட்டால் நஷ்டம் அவருடையது, எம்ஜியும் செலவும் கமிஷனும் தாண்டி வருகிற ‘ஓவர்ஃப்ளோ’வில்தான் தயாரிப்பாளருக்கு மறுபடி பங்கு. அட்வான்ஸ் முறையில், வசூலாகாத தொகையைத் தயாரிப்பாளர் திருப்பித் தர வேண்டும். அவுட்ரேட் என்றால் விற்றது விற்றதுதான். சென்னை சிட்டி, என்எஸ்சி எனப்படும் வட ஆற்காடு–தென் ஆற்காடு–செங்கல்பட்டு, கோவை, மதுரை–ராமநாதபுரம், திருச்சி–தஞ்சை, சேலம், நெல்லை–கன்னியாகுமரி என்று ஏரியா பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பேரம். தாளில் எழுதியது ஒன்று, வழக்கம் வேறு என்பதும் உண்டு. 2002-ல் ‘பாபா’ எதிர்பார்த்தபடி போகாதபோது ரஜினிகாந்த் விநியோகஸ்தர்களுக்குப் பணம் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு, பெரிய படம் விழுந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்பது கோடம்பாக்கத்தில் புதிதல்ல.

ஓடிடி பணத்தை உறுதியான வருமானமாகப் போட்டுக் கணக்குக் காட்டினால் நம்பாதீர்கள். கொரோனா காலத்தில் எடுத்துக்கொண்ட விலைக்கு இப்போது எடுப்பதில்லை. தியேட்டரில் எப்படி ஓடியது என்று பார்த்து விலை வைக்கிற ஒப்பந்தங்கள் வந்துவிட்டன. தமிழ்ப் படத்தை நான்கு வாரத்தில் ஓடிடிக்குக் கொடுக்கலாம் என்பது இங்கே வழக்கம். ஆனால் இந்தி டப்பிங்கைத் தேசிய மல்டிபிளெக்ஸ் சங்கிலிகளில் போட வேண்டும் என்றால் எட்டு வாரம் காத்திருக்க வேண்டும். நான்கு வார ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வடநாட்டு வசூலையும் சேர்த்து எழுதிய பட்ஜெட் தாள்கள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து வராது.

உறவுக்காரரின் 15 லட்சத்துக்கு வருகிறேன். ‘லாபத்தில் பங்கு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். லாபம் என்பது எல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவது. எதை எதைக் கழிப்பது என்பது கணக்கு எழுதுகிறவர் கையில். ஹாரி பாட்டர் வரிசையின் ஐந்தாவது படம் 900 மில்லியன் டாலருக்கு மேல் வசூலித்தது. 2010-ல் வெளியே கசிந்த அதன் கணக்குத் தாளில் 167 மில்லியன் நஷ்டம் என்று இருந்தது. ஹாலிவுட்டிலேயே கதை இது. இங்கே சின்னப் படத்தில், உங்களுக்கு முன்னால் ஃபைனான்ஸியர் நிற்பார். தியேட்டரில் படக்கோப்பு வந்து கிடக்கும், ஆனால் அதைத் திறக்கிற கேடிஎம் சாவி, பாக்கி தீராமல் வராது. அதனால்தான் வெள்ளிக்கிழமை காலைக் காட்சி ரத்தாகி, இரவெல்லாம் பஞ்சாயத்து நடந்து, மாலைக் காட்சிக்குப் படம் வருகிற கூத்து. அந்த வரிசையில் உங்கள் 15 லட்சம் கடைசி ஆள். பட உரிமை யார் பெயரில் இருக்கிறது, ஏற்கெனவே யாரிடம் அடமானம், பணம் எந்த வங்கிக் கணக்கில் வந்து யாருக்கு முதலில் போகும் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பாருங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இனி மகளின் வேலை. பி.காம். படித்த பெண்ணுக்கு இந்தத் தொழிலில் இடம் இருக்கிறது, நல்ல இடமும் கூட. ஆனால் அது போஸ்டர் பக்கம் இல்லை. தயாரிப்புக் கணக்காளர், விநியோக அலுவலகக் கணக்கு, மல்டிபிளெக்ஸில் காட்சி ஒதுக்கும் பிரிவு, ஓடிடியில் படம் வாங்கும் பிரிவு, சினிமா நிறுவனங்களைத் தணிக்கை செய்கிற ஆடிட்டர் அலுவலகம். எங்கள் பரிந்துரை கடைசியில் சொன்னதிலிருந்து தொடங்குவது. சிஏ அல்லது சிஎம்ஏ இன்டர் படித்துக்கொண்டே தி.நகர், வடபழனிப் பக்கம் சினிமா வாடிக்கையாளர்கள் உள்ள ஆடிட்டரிடம் சேர்ந்தால், இரண்டு வருஷத்தில் பத்துப் படத்தின் கணக்கைப் பார்த்துவிடுவாள். ஒரே தயாரிப்பாளரிடம் சேர்ந்தால் ஒரு படம்தான், அதுவும் பாதியில் நின்றால் அதுவும் இல்லை.

படிக்க வேண்டியது பாடப் புத்தகத்தில் இல்லாத சில இடங்கள். வருமான வரி விதி 9ஏ: நிதியாண்டு முடிய 90 நாளுக்கு முன்பே படம் ரிலீஸானால் முழுத் தயாரிப்புச் செலவையும் அந்த ஆண்டே கழிக்கலாம், பிப்ரவரியில் ரிலீஸானால் வந்த வருமானம் அளவுக்குத்தான், மீதி அடுத்த ஆண்டு. பொங்கல் படத்துக்கும் தீபாவளிப் படத்துக்கும் வரிக் கணக்கு வேறாவது இதனால்தான். 285பி பிரிவு: ஒருவருக்கு 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்திருந்தால் 52ஏ படிவத்தில் காட்ட வேண்டும். நடிகருக்கு 194ஜே-யில் 10 சதவீதம் டிடிஎஸ், ஒப்பந்தக்காரருக்கு 194சி. புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்பதால் இந்தப் பழைய எண்களைப் புதிய சட்டத்தோடு ஒப்பிட்டுப் படிக்கட்டும். பட்டம் முடித்துப் படத் தயாரிப்பையே முறையாகப் படிக்க ஆசைப்பட்டால் கொல்கத்தாவில் சத்யஜித் ரே நிறுவனத்தில் அதற்கென்றே முதுநிலைப் பிரிவு இருக்கிறது. தரமணி எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனம் ஒளிப்பதிவு, எடிட்டிங், இயக்கம் போன்ற கலைகளுக்கு நல்ல இடம். கணக்குக்கு அது வழியில்லை.

படப்பிடிப்புத் தளத்தில் கணக்காளராகப் போனால் வேலை எப்படி என்பதையும் சொல்லிவிடுங்கள். காலை ஆறு மணி டிபனுக்கு முன்பே தளத்தில் இருக்க வேண்டும். பேக்கப் ஆனதும் பேட்டா கேட்டு வரிசை நிற்கும். வவுச்சரில் கையெழுத்து வாங்காமல் ஒரு ரூபாய் கொடுத்தாலும் அது அவள் தலையில். சேரும்போது கேட்க வேண்டியது: சம்பளம் மாதக் கணக்கா, படக் கணக்கா? படக் கணக்கு என்றால் படம் தள்ளிப்போகும் மாதங்களுக்கு என்ன? இரவுப் படப்பிடிப்பு முடிந்தால் வீடு வரை வண்டி உண்டா? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013 சட்டப்படி பாலியல் புகார்களுக்கான உள் குழு இருக்க வேண்டும். அதில் யார் யார் என்று பெயர் கேட்கட்டும். கேட்டால் கோபப்படுகிற நிறுவனம் வேண்டாம்.

இதெல்லாம் அவளுக்குப் பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள ஒரு வாரம் போதும். விநியோகஸ்தருக்குத் தியேட்டர் அனுப்புகிற தினசரித் தாளை ‘டிசிஆர்’ என்பார்கள். காட்சி நேரம், வகுப்பு, விற்ற டிக்கெட், விலை, கிராஸ், வரி, நெட், ஷேர் என்று கட்டங்கள் இருக்கும். கையால் டிக்கெட் கிழித்த காலத்தில் இன்றைய முதல் டிக்கெட் எண், நேற்றைய கடைசி எண்ணுக்கு அடுத்ததாக இருக்கிறதா என்று பிரதிநிதி பார்ப்பார். இடையில் இருபது எண் காணாமல் போனால் அங்கே காசு போயிருக்கிறது. உங்கள் ஊரில் ஓடுகிற ஒரு படம், ஒரே ஒரு திரை. ஒவ்வொரு காட்சியும் தொடங்குவதற்குச் சற்று முன்பு முன்பதிவு செயலியில் நிரம்பிய இருக்கைகளை எண்ணி இதே கட்டங்களில் அவள் எழுதட்டும். தியேட்டர்காரர் முன்கூட்டியே அடைத்து வைக்கிற இருக்கைகளும் நிரம்பியதாகக் காட்டும். வாரநாள் மதியக் காட்சியில் அதே பத்து இருக்கைகள் தினமும் சிவப்பாக இருந்தால் அவை விற்றவை இல்லை. கவுன்டரில் கடைசி நேரத்தில் விற்பது செயலியில் முழுதாகத் தெரியாது, அதற்கும் ஒரு மதிப்பீடு போட வேண்டும். வரி கழித்து, முதல் நான்கு நாள் 60 சதவீதம், மீதி நாள் 50 என்று ஷேர் போடட்டும். திங்கட்கிழமை எவ்வளவு விழுந்தது என்பதை மட்டும் சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை வசூலில் பாதியாவது திங்கட்கிழமை நின்றால் படம் ஓடும். கால்வாசிக்கு இறங்கினால் அடுத்த வாரம் அந்தத் திரையில் வேறு படம்.

மூன்றாவது நாளே அலுத்துவிட்டால் அதையும் மறைக்காமல் எழுதட்டும். அடுத்த முறை இங்கே வரும்போது அந்த நோட்டைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.